பஸ்ஸில் லத்தீன் மனப்பாடம்

நான் வீட்டிலேயே லத்தீன் படிக்கிறது தெரிஞ்சு நீங்க எல்லாரும் சிரிச்சு முடிச்சாச்சு. இது இன்னிக்கு நடந்தது.

எனக்கு வாரத்துக்கு ஒரு பாடம்தான். அதுக்கு மேல போனா தலையில நிக்காது. இந்த வாரம் 'நௌத்தா'. கடலுக்குப் போறவன்னு அர்த்தம்.

பொன்னேரியில பஸ் ஏறினதுல இருந்து நௌத்தா, நௌத்தே, நௌத்தாம்னு முணுமுணுத்துக்கினே வந்தேன்.

திருப்பாலைவனம் தாண்டினதும், பக்கத்துல காலி மீன்கூடையோட உக்காந்திருந்த அக்கா கேட்டாங்க: "இன்னா ஜெபம்மா அது?"

"ஜெபம் இல்லக்கா, பாடம். கடலுக்குப் போறவன், கடலுக்குப் போறவனோட, கடலுக்குப் போறவனைனு மாத்தி மாத்திச் சொல்லி மனப்பாடம் பண்றேன்."

அவங்க காலி கூடையை மடிமேல இழுத்து வெச்சுக்கினாங்க.

அப்புறம், "என் பையன் போன ஐப்பசியில கடலுக்குப் போனான். படகு மட்டும் கரை ஒதுங்குச்சு"ன்னாங்க. மழை வரும்போல இருக்குன்னு சொல்ற அதே குரல்.

"வந்துட்டான்னு அதுல எப்டிம்மா சொல்றது?"

"அந்தப் பாடத்துக்கு நான் இன்னும் போகலக்கா."

"சரி, படிச்சுட்டுச் சொல்லு. தெனம் இந்த பஸ்லதான் வருவேன்."

கூடையைத் தூக்கிக்கினு இறங்கினப்போ அவங்க வாய் அசைஞ்சுது. நௌத்தா, நௌத்தே.

வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தைப் புரட்டினேன். 'வந்துட்டான்' ரொம்பப் பின்னாடி இருக்கு. ஒரு தடவை பார்த்ததுமே மனப்பாடம் ஆயிடுச்சு.

"அவசரப்படாதே, மெதுவாப் படி"னு எனக்குப் புத்தி சொன்ன மகராசங்களே, நாளைக்கு அந்தக்கா 'வந்துட்டான்' எப்டின்னு கேட்பாங்களே, நான் எந்த பஸ்ல போறது?