கடலுக்குப் போன கருப்பு

பீமாராவ் கடல்மேல் நின்ற படத்தைப் பிரிண்ட் போட என்னிடம்தான் கொண்டுவந்தான். பேரையூரில் எனக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ என்று பிழைப்பு ஓடுகிறது. செல்போனை நீட்டி, "அண்ணே, இதைப் பெருசாப் போட்டுக் குடுங்க, வீட்ல மாட்டணும்" என்றான். கட்டம் போட்ட டவுசர், முன்னால் தள்ளிய தொப்பை, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு நீளப் பலகைமேல் நிற்கிறான். பலகைக்கு அடியில் அலை. நான் சிரித்த சிரிப்பில் கடையில் இருந்த கல்யாண வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஏன்டா மாப்ள, கண்மாயில குளிக்கவே கரையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற ஆளு நீ" என்றேன். அவனுக்குக் கோபம் வரவில்லை. "அதுமேல நிக்கிறப்ப நம்ம ஒடம்பு நமக்கே கனக்காதுண்ணே" என்றான். நாற்பது வயது டிப்பர் டிரைவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அவன் கடலுக்குப் போனதே ஒரு கூத்து. ராமநாதபுரத்துக்குத் தெற்கே ஓர் ஊரில் கடல் கரையைத் தின்றுகொண்டே வந்து ரோட்டைத் தொட்டுவிட்டது. மணல் கொட்டிக் கரையை மறுபடி அகலமாக்குவது என்று முடிவானது. கடலடி மணலை உறிஞ்சிக் கரையில் துப்புகிற கப்பல் வரும் என்று பேச்சு. கப்பல் வரவில்லை, கான்ட்ராக்டர்தான் வந்தார், எங்கள் பக்கத்து ஓடைக்கு. மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் பார்க்கிற ஓடை அது, ஆனால் மணலுக்குக் குறைவில்லை. கடலுக்கே மணல் அனுப்பிய பெருமை இப்படி எங்கள் சீமைக்கு வந்து சேர்ந்தது. லோடு அடித்த டிப்பர்களில் ஒன்றை ஓட்டியவன் பீமாராவ்.

அந்த ஓடைக்கரையில்தான் அவன் வீடு, ஊரின் கடைசி வீடு. வீட்டுக்கு எதிரே வன்னி மரத்தடியில் கருப்பு நிற்கிறார். கோயில் என்று கட்டடம் கிடையாது. ஆள் உயர அரிவாள், அதில் கட்டிய சலங்கைக் கொத்து, வரிசையாக மண்குதிரைகள். ஊருக்குக் காவல் அவர்தான். பீமாராவின் அப்பா சாமி, பூசை எல்லாவற்றையும் கேலி பேசியவர். மகனும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை. அவனுக்கும் சேர்த்து அவன் மனைவி தங்கப்பொண்ணு கும்பிடுவாள். முதல் லோடு கிளம்பிய காலையில் அவள் கருப்பின் காலடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளித் துணியில் முடிந்து, வழித்துணைக்கு என்று வண்டிக்குள் கட்டிவிட்டாள்.

கடற்கரையில் வேலை தொடங்கப் பூசை போட வேண்டும் என்றார் கான்ட்ராக்டர். தேங்காய், எலுமிச்சம்பழம், சூடம் எல்லாம் இருந்தது. பூசாரிக்குச் சொல்ல மறந்துவிட்டார்கள். "யாராச்சும் ஏத்துங்கப்பா, லோடு நிக்குது" என்று அவர் சத்தம் போட, இந்த உபகாரி இறங்கினான். சாமி பொருள் ஏதாவது வேண்டுமே என்று வண்டியில் கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்து, மண்ணைக் கரையில் குவித்து, அதன்மேல் சூடம் ஏற்றிக் கும்பிட்டான். வாழ்க்கையில் அவன் செய்த ஒரே பூசை அது.

எங்கள் பக்கத்தில் இதற்குப் பெயர் பிடிமண். பிழைக்கப் போகிற ஊருக்குச் சொந்தச் சாமியைக் கொண்டுபோக வேண்டும் என்றால், அது நிற்கும் இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்துப் போய்ப் புது இடத்தில் போட்டுச் சூடம் காட்டுவார்கள். அன்றிலிருந்து சாமி அங்கே நிற்கும். மதுரையைச் சுற்றி எத்தனையோ கோயில்கள் அப்படி வந்தவைதான். சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரிந்த இந்த விஷயம் லோடு இறக்கும் அவசரத்தில் பீமாராவுக்குத் தோன்றவில்லை. என்னிடம் சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன், அது வேறு.

லோடு இறங்கும்வரை காத்திருந்த நேரத்தில்தான் அவனுக்கு மீனா பழக்கம். அந்த ஊர் மீன்பிடிக் குடும்பத்துப் பெண். வெளியூர்க்காரர்களுக்குப் பலகையில் ஏறி அலைமேல் நிற்கக் கற்றுக்கொடுத்துப் பிழைத்தாள். கரையிலிருந்து தள்ளிக் கடலுக்குள் ஒரு மணல்திட்டு இருந்தது. வருகிற அலை அதில் தட்டி, ஒரு முனையில் மெல்ல உடைந்து, கரையை ஒட்டி நீளமாக ஓடும். நீட்டலை என்று அதற்கு அவர்களே பெயர் வைத்திருந்தார்கள். "சும்மா பாத்துக்கிட்டே நிக்கிறதுக்கு ஒருக்கா ஏறித்தான் பாருங்களேன் அண்ணே" என்று அவள் ஒருநாள் கூப்பிட்டாள். இவன் ஏறினான், விழுந்தான், மறுபடி ஏறினான். கடைசியில் அந்தப் படத்தில் நின்றான்.

இவன் கொட்டிய மணல்தான் அந்த அலையைக் கொன்றது. கரை அகலமானது, ரோடு தப்பியது, வீடுகள் தப்பின. அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தக் கரை மணல் மாவு மாதிரி, எங்கள் ஓடை மணல் நொய்யரிசி மாதிரி. கொட்டக் கொட்டக் கரை கூரை போலச் சரிந்து நின்றது. திட்டுக்கும் கரைக்கும் நடுவே இருந்த பள்ளம் தூர்ந்துபோய்த் திட்டே இல்லாமல் ஆனது. அலை இப்போது தூரத்தில் உடைவதில்லை. சத்தமில்லாமல் கரைவரை வந்து, மொத்தமாக எழும்பி, ஒரே அடியாக விழுகிறது. கற்றுக்கொள்ள வந்த ஒருவருக்குத் தோள்பட்டை முறிந்தது. பிறகு யாரும் வரவில்லை. ஒன்றிரண்டு வருசத்தில் கடலே மணலை இழுத்துத் திட்டைச் சரிசெய்துகொள்ளும் என்று வேலையைப் பார்க்க வந்த இன்ஜினியர் சொன்னாராம். "முன்னாடி அலை நம்மளத் தூக்கிட்டுப் போகும் அண்ணே. இப்பத் தூக்கி அடிக்குது" என்றாள் மீனா. பலகைகளை வீட்டுக்குள் அடுக்கிவிட்டாள்.

அதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு மத்தியான நேரம் மீனா அவனிடம் கேட்டாள். "அண்ணே, ஒங்க ஊர்ல காலுக்குச் சலங்கை கட்டுற சாமி ஏதும் இருக்கா?"

"ஏன் தாயி?"

"அலை விழுந்து திரும்புறப்பக் காது குடுத்துக் கேளுங்க."

கேட்டான். பொடிக்கல் கலந்த மணலை அலை இழுத்துப் போகும்போது சலசலக்கத்தான் செய்யும் என்று முதலில் நினைத்தானாம். பிறகு அந்தச் சத்தம் அலையோடு போகாமல், கரையோரமாகவே நடந்து வந்து அவன் நின்ற இடத்தில் நின்றது. அன்றைக்கு வண்டியை எடுத்தவன் மானாமதுரை தாண்டும்வரை பாட்டுப் போட்டுச் சத்தத்தைக் குறைக்கவே இல்லை. என்னிடம் சொன்னபோது, வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

இந்தப் பக்கம் ஓடையில், மணல் அள்ளிய இடம் பெரிய பள்ளமாகிக் கிடந்தது. ஐப்பசி மழைக்கு அதில் தண்ணீர் நின்றது. அந்த ஊரில் ஆடு மேய்க்கிற மொக்கையனின் ஆடு இரண்டு அதில் செத்துக் கிடந்தன. அடுத்து மொக்கையனே கிடந்தார். உச்சிவெயிலில், முழங்கால் அளவுத் தண்ணீரில், குப்புற. நீச்சல் தெரிந்த மனிதர், குடிக்கிறவரும் இல்லை. பீமாராவின் மகள் பவதாரிணி காலேஜ் பஸ் பிடிக்கத் தினமும் அந்தப் பள்ளத்தின் விளிம்பில்தான் நடந்து போக வேண்டும். ஊருக்கு வேறு பாதை கிடையாது. "விளிம்புல போறப்ப யாரோ பேர் சொல்லிக் கூப்பிடுற மாதிரி இருக்கும்மா" என்று அவள் சொன்ன நாளிலிருந்து தங்கப்பொண்ணு சரியாகத் தூங்கவில்லை.

மாசியில் கருப்புக்குக் கும்பிடு. பகல் முழுக்கக் கொட்டு அடித்தார்கள். கிடாய் வெட்டினார்கள். சாமி யார்மேலும் இறங்கவில்லை. வருசா வருசம் கொட்டுச் சத்தம் கேட்டதுமே துள்ளி எழுகிற சாமியாடிகள் கையைக் கட்டிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். நான் வீடியோ எடுக்கப் போயிருந்தேன். காற்றில் அந்தச் சலங்கைக் கொத்து ஆடியது, ஆனால் ஒலிக்கவில்லை. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

பூசாரி சுடலை கொட்டை நிறுத்தச் சொன்னார். "இங்க ஆள் இல்லய்யா. எவன் பிடிமண் எடுத்தது?"

தங்கப்பொண்ணு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவர் காலில் விழுந்தாள். பீமாராவ் நடந்ததைச் சொன்னான். சுடலை தலையில் கைவைத்துக்கொண்டார்.

"உத்தரவு கேட்டு எடுத்திருந்தா இங்கயும் நிக்கும், அங்கயும் நிக்கும். கேக்காம எடுத்தா மண்ணுக்குப் பின்னாடியே போயிரும். ஒரு பிடியோடயா விட்டீங்க? அவர் நின்ன எடத்தையே லோடு லோடா அனுப்பிட்டீங்களேடா!"

"பள்ளத்தையாவது மூடிட்டா என்ன?" என்று நான் கேட்டேன்.

"எந்த மண்ணை வச்சு மூடுறது?" என்றாள் தங்கப்பொண்ணு.

போட்டவனே போய்த் திரும்ப ஒரு பிடி எடுத்து வர வேண்டும், சலங்கைச் சத்தம் எங்கே கேட்கிறதோ அங்கேதான் எடுக்க வேண்டும், வீடு சேரும்வரை கீழே வைக்கக் கூடாது என்று சுடலை சொல்லி அனுப்பினார். என் ஆம்னி வேனில் பீமாராவ், தங்கப்பொண்ணு, நான் மூவரும் போனோம். உச்சிப்பொழுதுக்குக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தோம். மீனா எங்களுக்காகக் காத்திருந்தாள். அவளுக்கும் இதில் ஆசை இருந்தது: சாமி கிளம்பிவிட்டால் நீட்டலை திரும்பி வந்துவிடும் என்று.

கரையில் மனித நடமாட்டமே இல்லை. அலை ஒவ்வொன்றும் பச்சையாக எழும்பி, ஒரு நொடி நின்று, விழுந்தது. விழுந்த அதிர்ச்சி செருப்பு வழியாகக் காலில் ஏறியது. பிறகு நானும் கேட்டேன். ஜல், ஜல், ஜல். இன்ஜினியர் சொல்வதையும் நம்புகிறவன்தான் நான். அன்றைக்கு இரண்டு அடி பின்னால் நகர்ந்து நின்றேன். சத்தம் வந்தது கரையிலிருந்து அல்ல. அலை வந்து விழுகிறதே, சரியாக அந்த இடத்துக்கு அடியிலிருந்து.

"அங்கயா?" என்றாள் மீனா. "வேணாம் அண்ணே. கழுத்து முறிஞ்சிரும்."

"எம் மக தினமும் அந்த வழியா நடக்கணும்ல" என்றான் பீமாராவ். சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தான். மீனா கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெரிய அலை எல்லாம் போயிருச்சு, இப்பப் போங்க! மூக்கால காத்து விட்டுக்கிட்டே அடியில படுத்திருங்க!" என்று கத்தினாள். அவன் ஓடிப்போய் முங்கினான். சின்ன அலை ஒன்று அவன்மேல் விழுந்தது. அடுத்து வந்தது சின்னதல்ல. அது எங்கிருந்து கிளம்பியது என்று மீனாவாலும் சொல்ல முடியவில்லை. அது விழுந்த பிறகு நுரை மட்டும்தான் தெரிந்தது. தங்கப்பொண்ணு அவன் பெயரைச் சொல்லிக் கதறினாள்; கட்டியவன் பெயரை அவள் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

அவன் எழுந்தான். நீந்தி வரவில்லை, நிமிர்ந்து நடந்து வந்தான். ஆளையே இழுத்துப்போகும் நீர் அவன் காலைச் சுற்றி ஓடியது, அவன் அசையவில்லை. வலது கை இறுக மூடியிருந்தது. கண் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. கரைக்கு வந்தவன் ஒரு காலை முன்னால் வைத்து, முட்டியை மடக்கி, குதிரைமேல் இருக்கிறவன் போல ஆடத் தொடங்கினான். தங்கப்பொண்ணு மண்டியிட்டாள்.

"யாரு கூப்பிட்டது?" அது பீமாராவின் குரல் இல்லை.

"நாந்தேன் அய்யா, ஓடைக்கரைத் தங்கப்பொண்ணு. தெரியாமச் செஞ்ச பிழை. ஊருக்கு வாய்யா."

"வரல."

"கிடா வெட்டுறோம். கோயில் எடுத்துக் கட்டுறோம்."

"எங் குதிரையெல்லாம் அங்க நின்னே கெடந்துச்சு. இங்க ஓடுது. நான் வரல."

என் பக்கத்தில் மீனா சத்தமில்லாமல் அழுதாள். இனி அந்த அலை திரும்பாது என்று அவளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. வரமாட்டேன் என்று சொன்னது கருப்பா, கடலை விட்டு வர மனமில்லாத பீமாராவா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. எதுவாக இருந்தாலும் பயம் ஒன்றுதான்.

தங்கப்பொண்ணு கும்பிட்ட கையை இறக்கினாள். "அப்ப அந்தப் பள்ளத்துக்கிட்ட எம் மகளுக்கு யாருய்யா காவல்?"

ஆட்டம் நின்று பீமாராவ் மணலில் சாய்ந்தான். ஓடிப்போய் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். உள்ளங்கையில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அதுவும் வழிந்து போனது.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தான். பேசியது எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. "கெடச்சுச்சா? கூட வருதா?" என்று பழைய குரலில் கேட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கப்பொண்ணு வெறும் முந்தானையில் ஒரு முடிச்சைப் போட்டுவிட்டாள்.

"வருது. இந்தா, முடிஞ்சிட்டேன். எந்திரிங்க."

வேனில் அவளை ஒட்டி உட்கார்ந்து, முடிச்சைக் கைக்குள் பொத்திக்கொண்டான். குலுங்கும் இடத்தில் எல்லாம், "மெதுவாப் போங்கண்ணே, சாமி இருக்கு" என்றான். நான் மெதுவாகத்தான் ஓட்டினேன். தங்கப்பொண்ணு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.