மதிலைப் பார்த்த கேமரா

இரும்புலியூர் ரத்தினம் பிறவிச் சந்தேகக்காரர் இல்லை. நிலமெல்லாம் மனைகளாகி, தெருவில் தெரியாத முகங்கள் குடிவந்த பிறகுதான் அந்தப் பேய் பிடித்தது. சிலிண்டர் போடுகிறவர் கதவு எண்ணை இரண்டு தடவை பார்த்தால் போதும், "நோட்டம் பாக்குறான்" என்பார். குப்பை வண்டி மணியடித்தால்கூட எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்ப்பார். மனைவி பொன்னியம்மாளுக்கு இந்தக் கூத்தெல்லாம் பழகிப்போயிருந்தது.

மதுரையில் கட்டிக்கொடுத்த மகள் கோகிலவாணிக்கு இப்போது நிறைமாசம். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் ஏங்கி, வேண்டாத சாமியில்லாமல் வேண்டி உண்டானது. பயணம் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதால் பிரசவத்துக்கு இவர்கள்தான் போகவேண்டும். "அப்பாவும் வரணும்" என்று போனில் அழுதிருந்தாள். ரத்தினத்துக்கும் ஆசை நெஞ்சு முட்ட இருந்தது. ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்ப மனசு வரவில்லை. கடைசியில் கேமராவும் அலாரமும் வைத்துவிட்டுப் போவது என்று முடிவானது.

தாம்பரத்தில் கேமரா கடை வைத்திருக்கும் சம்பந்தம் வந்து பார்த்தார். வாசலுக்கு ஒன்று, மொட்டை மாடிக்கு ஒன்று போதும் என்றார். ரத்தினம் பக்கவாட்டு மதிலைக் காட்டினார்.

"அங்கயும் ஒண்ணு வை தம்பி. அலாரத்தோட."

மதிலுக்கு அந்தப் பக்கம் சௌகத் அலி பாய் வீடு. இருபது வருஷப் பழக்கம். பழகினவனுக்குத்தானே பீரோ எந்த அறையில் இருக்கிறதென்று தெரியும்? ரத்தினத்தின் நியாயம் அப்படி.

"அலாரம் அடிச்சா எங்க ஆபீஸ்லேர்ந்து உங்களுக்கு போன் வரும் சார். நீங்க ஊர்ல இல்லன்னா ஓடிவந்து பாக்க பக்கத்துல ஒருத்தர் நம்பர் வேணும்" என்றார் சம்பந்தம்.

ரத்தினம் தெருவை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பேரும் வாயில் வரவில்லை.

"இதுக்கு இன்னா யோசனை? பாய் நம்பரைக் குடுங்க" என்றாள் பொன்னியம்மாள்.

"நாளைக்குச் சொல்றேன்" என்று மழுப்பினார்.

அது ரம்ஜான் மாசம். பாயின் மனைவி ஷரீஃபா சாயங்காலம் நோன்புக்கஞ்சித் தூக்கை மதில்மேல் வைத்து, "அக்கா!" என்று ஒரு குரல் கொடுப்பது வருஷா வருஷம் நடப்பதுதான். மதில் கேமராவும் அலாரமும் மாட்டி முடித்த அன்றைக்கும் தூக்கோடு கை நீண்டது. சைரன் ஊளையிட்டது. பதறிப்போய் அவள் கையை இழுக்க, தூக்கு கவிழ்ந்து கஞ்சி மதிலில் வழிந்தது. தெருவே கூடிவிட்டது. நோன்பு திறக்கவேண்டிய நேரத்தில் பாய் வாசலில் நின்று வந்தவர் போனவருக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரத்தினம் போனில் பதிவை ஓட்டிப் பார்த்தார். வளையல் போட்ட கையும் தூக்கும் தெரிந்தன. வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதும், 'மதில் எவ்ளோ சுலபமா எட்டுது பார்' என்று மனசின் ஒரு மூலை கணக்குப் போட்டது. அந்த மூலையை என்ன சொல்லித் திட்டுவது!

மறுநாள் காலையில் பாய் வீட்டுக்குப் போனார்.

"அலாரம் கம்பெனிக்கு உங்க நம்பரைத்தான் குடுக்கலாம்னு கீறேன் பாய். நேத்து நடந்ததுக்குக் கோச்சுக்காதீங்க."

"கோவமில்லண்ணா, பயம். நாளைக்கு உங்க வூட்ல ஒரு குண்டூசி காணாம போனாலும் மொதல்ல என் மூஞ்சியத்தான் அந்த கேமராவுல தேடுவீங்க. இல்லன்னு சொல்லுங்க, நம்பர் தரேன்."

ரத்தினம் வாயைத் திறந்தார். பொய்யாகவாவது 'இல்லை' என்று சொல்லியிருக்கலாம். நம்பர் வாங்காமலே வீடு திரும்பினார்.

பொன்னியம்மாள் தனியாக மதுரைக்கு ரயிலேறினாள். ரத்தினம் வீட்டைக் காத்தார்.

பேத்தி பிறந்ததும் வீடியோ காலில் காட்டினார்கள். உள்ளே டவர் கிடைக்காமல் கேட்டுக்கு ஓடிவந்து நின்றார். துணிச்சுருளுக்குள் சிவந்த முகம் ஒன்று கொட்டாவி விட்டது. அதை மறைத்துக்கொண்டு ஓர் அறிவிப்பு வந்து விழுந்தது: 'வாசலில் ஆள் நடமாட்டம்.' மகளின் அழைப்பைத் துண்டித்துவிட்டு கேமராவைத் திறந்தார். கேட்டருகே அவரேதான் நின்றுகொண்டிருந்தார்.

மறுபடி கூப்பிட்டபோது குழந்தையைத் தூங்கவைத்துவிட்டதாகப் பொன்னியம்மாள் சொன்னாள்.