பேரன் பிறந்தநாளும் ஹெவி மெட்டலும்

போன வாரம் எதிர்வீட்டு நிலா தன் செல்போனில் எதையோ தட்டிவிட்டு கிட்டாரை மீட்டினாள். உறுமியது! எண்பதுகளின் அசல் ஹெவி மெட்டல் சத்தம்.

“இதுக்கா அங்கிள் நீங்க ஒரு மாசம் அலைஞ்சீங்க?”

ஆமாம், அலைந்தோம். அதே எண்பதுகளில், குன்னூரில், நானும் என் நண்பன் யோகராஜும்.

யோகராஜ் குடும்பம் சிலோனிலிருந்து கப்பலில் தாயகம் திரும்பியது. அவன் அம்மா தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறித்தார். இவன் பஜாரில் மைக் செட் கடையில் வேலை பார்த்தான். எங்களிடம் ஒரு வெளிநாட்டு கேசட் சிக்கியது. அதில் கிட்டார், சில்வர் ஓக் மரத்தை ரம்பம் அறுப்பதுபோல் கர்ஜித்தது. என் கிட்டாரோ... தகர டப்பாவில் கல் விழுந்த சத்தம்.

ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகினோம். காது வலித்ததுதான் மிச்சம். ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கீறினோம். வண்டு முனகுவதுபோல் ஒரு சத்தம்தான் வந்தது.

“மச்சான், டேப் ரெக்கார்டர் மைக்குல கத்துனா குரல் உடையுதில்ல? நமக்கு அந்த உடைசல்தான் வேணும். கிட்டாரை அதுல சொருகி, அங்கயிருந்து ஆம்ப்ளிஃபயருக்குக் குடுப்போம்” என்றான் யோகராஜ்.

கடையில் இருந்தது கேசட் போட மட்டும்தான்; மைக் உள்ள டேப் ரெக்கார்டருக்கு எங்கே போவது? அவன் அம்மாவிடம் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. சேலைக்குள் சுற்றிக் கப்பலில் கொண்டுவந்தது. மூத்த மகள் இலங்கையில் ஹட்டனிலேயே தங்கிவிட்டாள். தினமும் மாலை இலங்கை வானொலி கேட்டால்தான் அம்மாவுக்கு மனசு ஆறும்.

மறுநாள் என் கல்லூரி விழாவில் வாசிக்க வேண்டும். வேறு வழியில்லை... கேட்டேவிட்டோம்.

“இன்னைக்குப் பேரனுக்குப் பொறந்தநாள். மக ரேடியோவுக்கு எழுதிப் போட்டிருக்கா, பேரு வாசிப்பாங்க. ஆறு மணிக்குள்ள கொண்டாந்துருவீங்களா தம்பி?”

“கண்டிப்பாங்கம்மா” என்றேன்.

கடையில் வைத்துச் சொருகினோம். தந்தியை உள்ளங்கையால் அமுக்கி அடித்தேன். ஜக்... ஜக்... ஜர்ர்ர்ர்! அதே சத்தம்! கடைக் கண்ணாடி அதிர்ந்தது. நாங்கள் குதித்தோம். ஐந்தரை மணிவரை குதித்தோம்.

அப்புறம் லேசாக ஒரு கருகல் வாசனை. டூ-இன்-ஒன் ஊமையானது.

யோகராஜ் அதைப் பிரித்தான். ஆறு அடித்தது. ஆறேகாலுக்கு வாசலில் அம்மா!

“எங்க மேலதானுங்க தப்பு...” என்று ஆரம்பித்தேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து மகனின் கையையே பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கருகிய ஒயரை வெட்டி, வேறு ஒயரைப் பற்றவைத்தான். கரகரவென்று இரைச்சல்... அதற்குள்ளிருந்து அறிவிப்பாளரின் குரல். பிறந்தநாள் வாழ்த்துகள் பாதி முடிந்திருந்தன. ஒவ்வொரு பெயராகப் போயிற்று. கிட்டத்தட்டக் கடைசியில் வந்தது, பேரனின் பெயர்!

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் நீர். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

செட்டைத் துடைத்து நீட்டினேன். வாங்கவில்லை.

“இம்புட்டுப் பாடுபட்டீங்களே, அந்தச் சத்தத்தை எனக்கும் போட்டுக் காட்டுங்க.”

“திரும்பக் கருகிட்டா என்னா செய்றது?” என்றான் யோகராஜ்.

“பேரு கேட்டாச்சுதானே. போடு மகன்.”

வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு. அங்க எங்க பேக்டரியில கொழுந்து உருட்டுற மெஷின் இப்பிடித்தான் சத்தம் போடும்.”

ஹெவி மெட்டலுக்கு இதைவிடச் சரியான விமர்சனத்தை நான் இன்னும் படிக்கவில்லை!