அந்தப் பேங்கில் போடக்கூடாத பணம்

போன மாதம் வருமான வரி ஆபீஸ் எனக்குப் பணம் அனுப்பியது.

சிரிக்காதீர்கள், நிஜம்! சம்பளத்தில் வரியை அதிகமாகப் பிடித்துவிட்டார்களாம். ஆயிரத்து நூற்று நாற்பது ரூபாய் ரீஃபண்ட். நான் டீச்சராக இருக்கும் பாகூர் ஸ்கூலில் கவரைப் பிரித்ததும் சந்தோஷத்தில் கத்தியிருக்க வேண்டும். நானோ அதை மறுபடி கவருக்குள் திணித்தேன்.

ஏன்? வந்தது செக் மாதிரி ஒரு காகிதம்; அதைப் பேங்க் கணக்கில் போட்டால்தான் பணமாகும். எனக்குக் கணக்கு இருந்ததோ ஒரே பேங்கில். அந்தப் பேங்குக்குத்தான் நான் கடன்காரி!

கடன் வாங்கியது நானல்ல... என் கொழுந்தன். கரும்புக் கொல்லையில் மோட்டார் போடப் பணம் கேட்டான். கவர்ன்மென்ட் சம்பளக்காரியாச்சே, நான் ஜாமீன் போட்டால் போதும் என்றார்கள். “தம்பிதானே” என்றார் என் வீட்டுக்காரர். போட்டேன். ரெண்டு தவணை கட்டினான். தண்ணீர் வற்றியது, கரும்பு காய்ந்தது, ஆள் பெங்களூர் போய்விட்டான். நோட்டீஸ் என் பெயருக்கு வந்தது.

எங்கள் ஹெட் கிளார்க் காதர் சாரிடம் கவரைக் காட்டினேன்.

“அங்க போட்டுடாதீங்க டீச்சர். உண்டியல்ல போட்ட மாதிரிதான். கடன்ல வரவு வெச்சுக்குவாங்க.”

எனக்கு அந்தப் பணம் வேண்டும். என் மகளுக்கு ஐந்து வயது. பிறந்ததிலிருந்தே காது மந்தம். மெஷின் வைத்தால் கேட்கும், தள்ளிப்போட்டால் பேச்சே வராமல் போகலாம் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. மெஷின் மெட்ராஸில்தான் கிடைக்கும். விலை ஆயிரம்.

“இது திருட்டு இல்லையா சார்?”

“உங்க சம்பளத்துல புடிச்சது, உங்க கைக்கே திரும்புது. இதுல திருட்டு இன்னா இருக்குது?”

வில்லியனூரில் வேறொரு பேங்க். அங்கே காதர் சாருக்குக் கணக்கு உண்டு. அறிமுகக் கையெழுத்துப் போட அவரே கூட வந்தார். பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுபவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டு போனேன். கைப்பையைப் பிடித்த பிடியில் விரல்கள் மரத்துவிட்டன.

பேங்கில் ஃபாரம் நிரப்பிக்கொண்டிருந்தேன்.

“இன்னா டீச்சர், இங்க?”

நிமிர்ந்தால்... எங்கள் ஊர்ப் பேங்க் மேனேஜர், கடன் நோட்டீஸ் அனுப்பியவர்! இங்கே யாரையோ பார்க்க வந்திருக்கிறார். ரீஃபண்ட் காகிதம் மேஜைமேல் விரிந்து கிடந்தது. மறைக்கக்கூடத் தோன்றவில்லை. அவர் கேட்காமலே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன் - மகள், காது, மெஷின், டாக்டர்...

அவர் காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“எங்க கவுன்ட்டருக்கு வந்தா நான் புடிச்சே ஆகணும். வராததைத் தேடிக்கிட்டு நான் போக மாட்டேன். ஆனா, கேஸ் கோர்ட்டுக்குப் போச்சுன்னா என் கையில இல்ல டீச்சர்... ஜப்தின்னு வந்து நிப்பாங்க. அதுக்குள்ள உங்க கொழுந்தனைக் கூட்டிட்டு வாங்க.”

நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விட்டார்.

பணம் கணக்கில் ஏறப் பதினெட்டு நாள் ஆனது. சோறு இறங்கவில்லை. மனிதர் மனம் மாறிவிட்டால்? மேலதிகாரி கேட்டு, இவர் சொல்லிவிட்டால்? கடனைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஒருவர் காட்டும் இரக்கம் இருக்கிறதே, அது அதைவிடப் பயம்... எந்த நிமிடமும் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே!

வந்தது. மறுநாளே மெட்ராஸ். மெஷினை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கியதும் லாரி ஒன்று ஹாரன் அடிக்க, மகள் அலறி என் புடவைக்குள் புகுந்துகொண்டாள். மூன்றாம் நாள், முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் பெயரைச் சொன்னேன். திரும்பினாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

கொழுந்தனுக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று. பதில் இல்லை.

இப்போதெல்லாம் யாராவது கதவைத் தட்டினால் எங்கள் வீட்டில் அவளுக்கும் கேட்கிறது. அவள் திறக்க ஓடுகிறாள்... நான் ஒளிய!