செம்பா மறைத்த கறி

மொபெயாவிடம் நல்ல ஈட்டி ஒன்று இருந்தது. ஆனாலும் வேட்டைக்குக் கிளம்பும் காலைகளில் தொலோவின் இலைக்குடிசை முன்னால் போய் நிற்பார். மரம் விழுந்து கால் நசுங்கியதிலிருந்து தொலோவால் காட்டுக்குள் நடக்க முடியாது.

"மச்சான், என் ஈட்டி மழுங்கிக் கெடக்கு. உன்னோடத கொஞ்சம் குடேன்."

"உன் ஈட்டி என்னைக்குக் கூரா இருந்துச்சு? சோம்பேறி, தீட்டி வச்சா கை தேஞ்சா போயிரும்?" என்று வைதுகொண்டேதான் தொலோ எடுத்துக் கொடுப்பார்.

காட்டில் வேட்டையாடிப் பிழைக்கும் எங்கள் பாக்கா ஆட்களுக்குள், குத்தியவன் யாராக இருந்தாலும் ஈட்டி யாருடையதோ அவனுக்குத்தான் பன்றி சொந்தம். பங்கு வைப்பதும் அவன்தான். அன்று சாயங்காலம் தொலோவை யாரும் நொண்டி என்று பார்க்க மாட்டார்கள். எல்லார் கண்ணும் அவர் கையிலேயே இருக்கும். மொபெயா இதை யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை, மாதா கோயில் சாமியாரிடம்கூட.

அவர் பெண்டாட்டி செம்பாவுக்கு மட்டும் தெரியும். ஈட்டி மழுங்கவில்லை என்பது ஒரே குடிசையில் படுக்கிறவளுக்குத் தெரியாதா? காட்டில் அலைந்து அடித்தவர் வீட்டுக்கு வந்து சேர்வது விலா ஓரமும் தோலும்தான். மற்றவர்கள் விரலை நக்குவதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

அந்த வருஷம் காட்டு மாங்காய் கொட்டிக் கிடந்தது. அதைத் தின்ற பன்றிகளின் முதுகில் கொழுப்பு கனத்துத் தொங்கியது. தொலோ பங்கு பிரித்துக் கொடுக்க, செம்பாதான் கூடையில் ஏந்தி வீடுவீடாகக் கொண்டுபோனாள். வழியில் ஒரு கொழுத்த துண்டை எடுத்து இலையில் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டாள். மாங்கொட்டையை அரைத்து ஊற்றி வேகவைத்து, குடிசைக்குள் தனியாக உட்கார்ந்து தின்றாள். அப்படியொரு ருசி! நாக்கில் வைத்ததும் கரைந்தது.

கறியை மறைத்துத் தின்றால் அந்த வீட்டு வேட்டைக்காரனைக் காடு கைவிட்டுவிடும் என்பார்கள் எங்கள் ஆட்கள். செம்பாவுக்கும் அது தெரியும். ஒரு துண்டுதானே என்று நினைத்துவிட்டாள்.

அந்த வாரமே ஒரு ஆண் பன்றி திரும்பிப் பாய்ந்து மொபெயாவின் தொடையைக் கிழித்தது. தூக்கிவந்து போட்டபோது, கட்டிய துணியெல்லாம் ரத்தம்.

மொபெயாவின் அக்கா போலோ குடியிருப்பு நடுவில் நின்று கத்தினாள். "சும்மா பன்னி குத்துமா? எவளோ கறிய ஒளிச்சிருக்கா! ஒத்துக்கிட்டா எந்தம்பி பொழைப்பான். ஒவ்வொருத்தி வாயா வந்து மோந்து பாக்கட்டுமா?"

"என் வாயில பல்லே இல்லயே தாயி, எதுக்கு மோந்து பாக்குற?" என்றார் ஒரு கிழவர். யாரோ சிரித்தார்கள். செம்பா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்டவரே, என் வாயைத் திறந்துவிடும், திறந்துவிடும் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள். அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை.

பொழுது சாயுமுன் மொபெயாவைக் கொம்பில் தொட்டில் கட்டி ரோட்டுக்குத் தூக்கிப் போனார்கள். ஆஸ்பத்திரி இருக்கும் யோக்கதூமா டவுனுக்குப் போகும் மர லாரி ஒன்று நின்றது. "கூட வர ஒருத்தருக்குத்தான் இடம். தூக்கி எறக்க ஆம்பள வரட்டும்" என்றார் டிரைவர். தொலோவின் தம்பி ஏறிக்கொண்டான்.

லாரி பாலத்தைத் தாண்டும் முன்பே மொபெயாவின் உயிர் பிரிந்துவிட்டது. அது மறுநாள்தான் தெரிந்தது. கர்த்தர் மன்னித்துவிட்டார் என்று சாமியார் சொன்னார். போலோகூட மன்னித்துவிட்டாள். செம்பா மட்டும் இன்றுவரை பன்றிக் கறியைத் தொடுவதில்லை. பூசையில் முழங்காலிட்டால் எழுந்திருக்க மாட்டாள், யாராவது தூக்கிவிட வேண்டும்.

அன்று லாரி கிளம்புமுன் அவள் அதன் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். "நான்தான்யா தின்னேன். கொழுத்த துண்டு, ஒளிச்சு வச்சுத் தின்னேன். என்னாலதான்யா இப்படி ஆச்சு!"

மொபெயாவின் உதடு வெளுத்திருந்தது. "வேர் ஈரமா இருந்துச்சு, கால் வழுக்கிருச்சு. நீ என்ன தின்னேன்னு பன்னிக்கு என்ன தெரியும்?"

டிரைவர் ஹாரன் அடித்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் மொபெயா. "நல்லா இருந்துச்சா?"

அவள் அழுதுகொண்டே ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அடுத்த தடவ ரெண்டு துண்டா ஒளிச்சு வை, புள்ள. எனக்கும் பசிக்கும்ல."