பதினெட்டாவது வரிசை

திருமயத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெரிய வீட்டை விற்பதற்காகக் காலி செய்துகொண்டிருந்தார்கள். தேக்குக் கதவுக்கும் பீங்கான் ஜாடிக்கும் வியாபாரிகள் வந்திருந்தார்கள். நான் போனது பழைய தாள்களுக்காக. பின்கட்டு அறை ஒன்றில், தகரப் பெட்டி நிறைய குரோஷாப் பின்னல் புத்தகங்கள் கிடைத்தன. நூல் கம்பெனிகள் அந்தக் காலத்தில் வெளியிட்ட மெல்லிய ஆங்கிலப் புத்தகங்கள். அந்த வீட்டு ஆண்கள் கப்பலேறிப் போன ஊர்களிலிருந்து வந்தவை. பெட்டியில் பாதிக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த அந்த வீட்டுப் பிள்ளை, "எரிக்கத்தான் வச்சிருந்தோம், எடுத்துட்டுப் போங்க" என்றார்.

அப்போது எனக்கு வயது ஐம்பத்திரண்டு. புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் ஆபீஸ் கிளார்க். வீடு திருக்கோகர்ணத்தில். பழைய பின்னல் பேட்டர்ன்களைத் தேடிப் பிடிப்பதும், ஒட்டிய பக்கங்களைப் பிரித்துப் படம் எடுப்பதும், அவற்றின் ஆங்கிலச் சுருக்கக் குறிகளைத் தமிழில் எழுதிப் போனில் ஒரு குரூப்பில் போடுவதும்தான் பள்ளி விட்டு வந்தபின் என் வேலை. குரூப்பில் இருநூறு பெண்களுக்கு மேல் இருந்தார்கள். எல்லாரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். நான் டீச்சர் இல்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை.

ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் குரூப்பில் சேர்ந்தார். என்னைவிட மூன்று வயது இளையவர், கணவர் இல்லை, முந்திரி உடைக்கும் வேலை. ஆங்கிலம் தெரியாது, தமிழும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அதனால் எழுதாமல் குரலாகவே பேசி அனுப்புவார். ஆனால் ஒரு படத்தை ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்தால் போதும், அதை அப்படியே பின்னிவிடுவார். அவர் அனுப்பும் போட்டோக்களில் நூல் தும்பைப்பூ போல வெளுத்திருக்கும், அதைப் பிடித்திருக்கும் விரல்கள் முந்திரி ஓட்டின் பால் பட்டுக் கறுத்து வெந்திருக்கும். "அடுத்த தடவை கையைக் கழுவிட்டுப் போட்டோ எடுங்க" என்று எல்லாரும் பார்க்க ஒரு சிரிப்புப் பொம்மையோடு எழுதினேன். "கழுவுனாலும் போகாதுங்க அக்கா" என்று பதில் வந்தது. அதிலிருந்து அவர் விரல் தெரியாமல் படம் எடுத்தார்.

ஒருநாள் நான் போட்ட ஒரு பேட்டர்னில் பெரிய தப்பு நேர்ந்தது. ஒரே ஆங்கிலப் பெயர், இங்கிலாந்துப் புத்தகத்தில் குட்டைத் தையலைக் குறிக்கும், அமெரிக்கப் புத்தகத்தில் நெட்டைத் தையலைக் குறிக்கும். நான் அமெரிக்கப் புத்தகத்தை இங்கிலாந்துக் கணக்கில் மொழிபெயர்த்துவிட்டேன். நான் எழுதியபடி பின்னியவர்களுக்கு மேசை விரிப்பு கால்மிதி போல விறைத்துக்கொண்டு வந்தது. என்ன தப்பு என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை.

ஆலங்குடி அம்மாளின் குரல் வந்தது. "அக்கா, போட்டோல தையலெல்லாம் நெட்டையா நிக்குதுங்க. நீங்க எழுதுனதுல குட்டையா இருக்கு. நான் படத்தைப் பாத்தே போட்டுட்டேன். சரியா வந்திருக்கா பாருங்க." கூடவே படம். அச்சு அசலாக இருந்தது.

குரூப்பே அவரைக் கொண்டாடியது. யாரோ ஒருத்தி, "இனிமே நீங்கதான் எங்க டீச்சர்" என்று எழுதினாள். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டல் பொம்மைகள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய் வெறுமனே நின்றேன். அவர் பேசியதில் இளக்காரமே இல்லை. இருந்திருந்தால்கூட எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அடுத்த மாதம் அவர் எனக்குத் தனியாகப் போன் செய்தார். அவருக்கு ஒரே மகள், விராலிமலையில் கட்டிக்கொடுத்திருந்தார். மருமகன் புதுவீடு கட்டி முடித்திருந்தார், கிரகப்பிரவேசம் வந்தது.

"கூடத்து மேசைக்குப் போடுற மாதிரி வட்டமா, அன்னாசி டிசைன்ல ஒண்ணு குடுங்க அக்கா. ஒங்க பெட்டியில இல்லாததா. சம்பந்தியம்மா கொஞ்சம் பெரிய எடம். நம்ம கையால செஞ்சது நல்லா நிக்கணும்."

பெட்டியில் இருந்தது. நாற்பது வரிசை, சுற்றிலும் பத்து அன்னாசி, பார்த்தாலே கை பரபரக்கும் டிசைன். நான் அதைத் தமிழில் எழுதினேன். பதினெட்டாவது வரிசையிலிருந்து ஒவ்வொரு அன்னாசிக்கும் நடுவே ஐந்து சங்கிலித் தையல் போட வேண்டும். மூன்று என்று எழுதினேன். கை தவறி எழுதவில்லை. ஐந்து என்று எழுதி, அடித்துவிட்டு, வேறு தாளில் மூன்று என்று சுத்தமாக எழுதினேன். நடுவில் சங்கிலி குறைந்தால் வட்டம் தட்டையாகப் படியாது, ஓரம் மேலே தூக்கும். ஆனால் அது நாலைந்து வரிசை போன பிறகுதான் தெரியும். அவர் படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார் என்பதால், படம் இருந்த பக்கம் செல்லரித்துப் போய்விட்டது என்று சொன்னேன். அந்தப் பக்கம் என் மடியில்தான் இருந்தது.

பத்து நாள் கழித்துக் குரல் வந்தது. "இருபத்திரெண்டாவது வரிசையில கிண்ணம் மாதிரி எந்திரிச்சுக்கிருதுங்க அக்கா. எங்கிட்டுத் தப்பு பண்றேன்னு தெரியல."

"உங்க கை இறுக்கம். பிரிச்சுட்டுத் தளர்வாப் போடுங்க" என்றேன்.

பிரித்துப் போட்டார். மறுபடி தூக்கியது. எண்ணுவதில் தப்பு என்றேன். மூன்றாவது தடவையும் பிரித்துப் போட்டார். அதன் பிறகு பேசியபோது குரலில் வேறு ஒரு பயம் இருந்தது.

"அக்கா, ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். எங்க ஆத்தாவுக்கு அம்பது வயசுலயே இப்புடித்தான் ஆரம்பிச்சுச்சு. மொதல்ல எண்ணிக்கை மறந்துச்சு. அப்பறம் வீட்டுக்கு வர்ற வழி மறந்துச்சு. கடைசியில என்னையே யாருன்னு கேட்டுச்சு. எனக்கும் அதுதான் வருதோ."

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வரி போதும். "கண்ணைக் காட்டுங்க, கண்ணாடி மாத்தணுமோ என்னவோ" என்றேன். அவர் ஒருநாள் வேலையை விட்டுவிட்டு புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி வந்து கண்ணைக் காட்டினார். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல செய்தி என்று நினைத்துச் சொல்லியிருப்பார். அந்த அம்மாளுக்குக் கடைசியாகப் பிடித்திருந்த ஒரு கொம்பையும் அது ஒடித்துவிட்டது.

கிரகப்பிரவேசத்துக்கு என்னையும் அழைத்திருந்தார். இலுப்பூர் வழி பஸ்ஸில் விராலிமலைக்குப் போனேன். ஏன் போனேன் என்று இப்போது பூசி மெழுக விரும்பவில்லை. பார்க்கத்தான் போனேன்.

கூடத்து மேசையில் அந்த விரிப்பு கிடந்தது. கஞ்சி போட்டு, ஈரத்தோடு பாயில் ஊசி குத்திக் காயவைத்து, எப்படியோ தட்டையாக்கிக் கொண்டுவந்திருந்தார். காலையில் நன்றாகத்தான் படிந்திருந்தது. ஹோமப் புகையும் கூட்டத்தின் வேக்காடும் சேர்ந்து, பத்து மணிக்கெல்லாம் கஞ்சி இளகி ஓரம் சுற்றிலும் எழும்பிவிட்டது. சம்பந்தியம்மாள் தாம்பூலத் தட்டை வைக்க வந்தார். குனிந்து பார்த்தார்.

"சம்பந்தி, இது விரிப்பா, கூடையா?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "எலுமிச்சம்பழம் போட்டு வைக்கலாம்" என்றாள். சம்பந்தியம்மாள் நிஜமாகவே நாலு எலுமிச்சம்பழத்தை எடுத்து அதில் போட்டார். ஆலங்குடி அம்மாளின் மகள், விரிப்பை உருவி அம்மாவின் கையில் கொடுத்து, "உள்ள கொண்டு போயி வையிங்கம்மா. கடையில ஒண்ணு வாங்கியிருக்கலாம்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். எலுமிச்சம்பழங்கள் உருண்டு ஓடின. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். ஒரு பழம் என் காலருகில் வந்து நின்றது. நான் எடுத்துக் கொடுத்தேன். "சாப்பிட்டுத்தான் போகணுங்க அக்கா" என்றார்.

நான் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தார். துணிப்பையில் நூற்கண்டுகளும் ஆறேழு ஊசிகளும் இருந்தன. "இனிமே எனக்கு எதுக்குங்க அக்கா இது. ஒங்ககிட்ட இருந்தா யாருக்காவது ஆகும்" என்றார். காபி கொடுத்தேன். பையை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஏழு மாதம் போனது. அதுவரை குரூப்பில் வாயே திறக்காத காரைக்குடிப் பெண் ஒருத்தி, தன் மாமியார் பெட்டியில் கிடைத்ததென்று சில பக்கங்களைப் போட்டாள். அதில் அந்த அன்னாசி விரிப்பும் இருந்தது, படத்தோடும் ஆங்கில வரிகளோடும். அவளே தமிழிலும் எழுதியிருந்தாள். பதினெட்டாவது வரிசையில் ஐந்து சங்கிலி.

ஒரு மணி நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, நீங்க எனக்கு மூணுன்னு எழுதிக் குடுத்தீங்க."

"ஆமா."

"பாத்து எழுதுறப்ப மாறிப் போச்சுங்களா?"

ஆமாம் என்று சொல்லச் சொல்லி அவரே வழியைத் திறந்துவிட்டார். என்னால் அதில் நுழைய முடியவில்லை. அது நல்ல குணத்தால் அல்ல. பயந்துபோயிருந்தேன், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன்.

"இல்ல. தெரிஞ்சுதான் எழுதுனேன்."

போனில் பின்னால் யாரோ முந்திரி உடைக்கும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

"எதுக்குங்க?"

"அன்னைக்கு எல்லாருக்கும் முன்னாடி என் தப்பைச் சொன்னீங்க."

"அதுக்கா?" என்றார். பிறகு, "இதை குரூப்ல சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

சொன்னேன். மறைக்காமல்தான் எழுதினேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டு எழுதினேன். அனுப்பிவிட்டு, வசவுகளுக்காகக் காத்திருந்தேன். முதல் பதில், "ஒத்துக்கவும் ஒரு மனசு வேணும் டீச்சர்." அடுத்து, "உங்க பெரிய மனசு யாருக்கு வரும்." கும்பிடும் கைகள், இதயங்கள், பூங்கொத்துகள். மனிதர்கள் தப்பு செய்வது இயல்பு என்று நீளமாக எழுதினாள் ஒருத்தி. ஆலங்குடி அம்மாளைப் பற்றி ஒருத்திகூடக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே, அவர் குரூப்பிலிருந்து விலகினார் என்ற ஒற்றை வரி வந்தது. அதற்குப் பிறகும் பூங்கொத்துகள் வந்துகொண்டிருந்தன.

அடுத்த சனிக்கிழமை அவருடைய பையை எடுத்துக்கொண்டு ஆலங்குடிக்குப் போனேன். ஊரைத் தாண்டி, நாலு தென்னையும் ஒரு கிணறும் உள்ள சின்ன ஓட்டு வீடு. வாசலில் பாத்திரங்களைச் சாக்கில் கட்டி வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறவில்லை.

"வாங்க" என்றார். உட்காரச் சொல்லவில்லை.

"எங்க போறீங்க?"

"விராலிமலைக்கு. மக வீட்டுக்கு." சாக்கின் வாயை இழுத்துக் கட்டினார். "புத்தி தெளிவா இருக்கையிலயே எழுதிக் குடுத்துரணும்னு இந்த வீட்டையும் எடத்தையும் மக பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிட்டேன். எங்க ஆத்தா கைநாட்டைப் புடிச்சு எங்க மாமன் எழுதி வாங்குனதெல்லாம் பாத்திருக்கேன். அப்புடி ஆயிறக்கூடாதுன்னு பயம். இப்ப மருமகன் இதை வித்துட்டாரு. நாளைக்கு வாங்குனவுக வாராக."

"மாத்தி எழுத முடியாதா? நான் வேணா உங்க மககிட்டப் பேசுறேன்."

"என்ன பேசுவீங்க? எனக்கு ஒண்ணும் இல்லைன்னா? அது அவளுக்கும் தெரியும். வித்த காசு வீட்டுக் கடனுக்குப் போயிருச்சு." அவர் குரல் உயரவே இல்லை. "அங்க போனா அந்தச் சம்பந்தியம்மாவும் நானும் ஒரே ரூம்பு. ராத்திரி லைட்டு போடக் கூடாதாம். நீங்க ஒண்ணும் பேச வேணாம்."

நான் பையை நீட்டினேன். அவர் அதைத் திறந்து, ஊசிகளை மட்டும் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொன்றாகக் கிணற்றுக்குள் போட்டார். கோபத்தில் வீசவில்லை. குப்பையைப் போடுவது போலப் போட்டார். நூலைப் பையோடு என்னிடமே கொடுத்தார்.

"மன்னிச்சிருங்க" என்றேன்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. போங்க."

சாக்கைத் தூக்க நான் கை கொடுக்கப் போனேன். அவர் சாக்கை என் பக்கமிருந்து நகர்த்தி வைத்தார்.

பிறகு ஒரே ஒரு தடவை அவர் எண்ணுக்குப் போன் செய்தேன். மகள்தான் எடுத்தாள். "அம்மாகிட்ட இப்ப போன் இல்ல. நீங்க யாரு, என்ன விஷயம்?" என்று கேட்டாள். போனை வைத்துவிட்டேன்.