மூன்றாம் தரத்துக்குத் திறந்த பெட்டி

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் அவர்கள் ஆண்டவர் பாதம் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி நல்லதாக நாலு பக்கம் எழுதித் தரும்படி அண்ணி கேட்டுக்கொண்டார்கள். நல்லதை மட்டும் எழுதினால் உங்களில் பாதிப் பேரை விட்டுவிட வேண்டியிருக்கும். என்னையும் விட வேண்டியிருக்கும். ஆகவே நடந்ததை எழுதுகிறேன். பூசை முடிந்து பந்தியில் உட்காரும் முன் படித்துவிடுங்கள். படித்தபின் சோறு இறங்காதவர்களை நான் வற்புறுத்த மாட்டேன்.

அண்ணன் பிறந்தது மடுகரையில். அப்பா அங்கே குத்தகைக்குப் பயிர் வைத்திருந்தார்கள். அண்ணனுக்குப் பன்னிரண்டு வயதிலும் எனக்கு இரண்டு வயதிலும் அப்பா வாந்திபேதியில் போய்விட, அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு வில்லியனூர்ப் பக்கத்தில் இருக்கும் தன் பிறந்த ஊருக்கு, தன் தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தத் தம்பிதான் எங்கள் மாமா. அப்பாவின் பங்காளிகளும் அதே ஊர்தான். சோறு போட்டார். போட்டதை ஒரு நாளும் எங்களை மறக்க விட்டதில்லை. அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாமாவின் மாட்டையும் ஏரையும் பிடித்தார். அந்த ஏரின் பின்னால் நடந்தே என்னைப் படிக்க வைத்தார். பிறகு தனியே கொஞ்சம் நிலம் பிடித்துக் கரும்பு போட்டார், கலியாணம் செய்துகொண்டார், ஒரு பெண் பிறந்தாள்.

மாமா எங்கள் பங்குக் கோவிலில் ஆர்மோனியம் வாசிப்பவர். மடியில் வைத்துக்கொள்ளும் பெட்டி அல்ல. நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டு காலாலும் மிதித்து வாசிக்கும் பெரிய பெட்டி. அதன் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கும். வேறு கை அதைத் தொட்டதில்லை.

வெளியூர் நண்பர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். கட்டும் காணிக்கைப்படி எங்கள் கோவிலில் அடக்கத்துக்கு மூன்று தரம் உண்டு. முதல் தரத்துக்குப் பீடமெங்கும் கறுப்புத் துணி, ஆறு மெழுகுவர்த்தி, பாட்டுப் பூசை, ஆரம்பம் முதல் கடைசி வரை ஆர்மோனியம். இரண்டாம் தரத்துக்குப் பாதித் துணி, சவப்பெட்டியை வெளியே எடுக்கையில் ஒரு பாட்டு. மூன்றாம் தரத்துக்குச் சாமியாரின் செபம், தெளிக்கத் தண்ணீர், அவ்வளவுதான். செத்தவனைக் கூடத் தரம் பார்த்து அனுப்பும் ஊர் இது.

அண்ணனின் மகள் ஏழு வயதில் காய்ச்சலில் இறந்தாள். கரும்பு இன்னும் வெட்டவில்லை. மூன்றாம் தரத்துக்கு மேல் அவரால் முடியவில்லை. மாமா வீட்டு வாசலில் போய் நின்றார். நானும் கூட நின்றேன்.

"ஒரே ஒரு பாட்டு மாமா. எடுக்கும்போது."

"மூணாந் தரத்துக்குப் பொட்டி தொறக்கிறது இல்லடா. தெரியாதா ஒனக்கு?"

"ஒங்க பேத்தி மாமா அவ."

"பேத்தின்னா? இன்னிக்கு ஒனக்குத் தொறந்தா நாளைக்குக் கரும்பு வெட்டுறவன் எல்லாம் வந்து வாசல்ல நிப்பான். போ, போயி ஆவற வேலையப் பாரு."

பிள்ளை சத்தமில்லாமல் போனாள். கோவிலிலிருந்து கல்லறை வரை எங்கள் கால் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வரும் வழியில் அண்ணன் என்னிடம் ஒரே வாக்கியம் சொன்னார்: "நானே கத்துக்கிறேன்." அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது. துக்கத்தில் உளறுகிறார் என்று நினைத்தேன்.

வில்லியனூரில் மதாம் என்று ஊர் கூப்பிடும் ஒரு அம்மா இருந்தார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாவின் விதவை, புருஷனோடு சைகோனில் இருந்துவிட்டு, அவர் போனபின் கப்பலில் ஒரு பியானோவோடு திரும்பி வந்தவர். பியானோவில் பாதிக் கரையான், மீதி நாதம். மதாமிடம் பாதி கோபம், மீதியும் கோபம். அண்ணன் ஒரு சொம்பு பாலோடு போய் நின்றார். கையைக் காட்டச் சொன்னார்களாம். கரும்புத் தோகை கிழித்த கை, மண்வெட்டி காய்த்த கை.

"இதுவா கத்துக்கப் போவுது? இது கையா, மரக்கட்டையா?"

"கத்துக்கும்ங்க மதாம்."

"வயசு இன்னா?"

"முப்பத்தொம்பதுங்க."

"சாவுறதுக்குள்ள ஒரு பாட்டு வரும். வாரத்துக்கு ரெண்டு நாளு வா. பால்ல தண்ணி கலந்தே, கதவச் சாத்திடுவேன்."

முதல் வாரம் தாளில் இசை எழுதும் ஐந்து கோடுகளைக் காட்டி, கோட்டில் குந்தும் புள்ளிகளும் கோட்டுக்கு நடுவில் குந்தும் புள்ளிகளும் எந்தெந்தக் கட்டை என்று சொல்லிக் கொடுத்து, ஒரு தாளைப் படித்து வரச் சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் ராப்பகலாகப் படித்தார். ஏர் ஓட்டும்போது வாய்க்குள் நாலு நாலாக எண்ணுவார். மாடுகள் மூன்றிலேயே திரும்பிவிடும். அடுத்த வாரம் போய் வாசித்துக் காட்டினார். மதாம் விசிறிக் காம்பால் விரல் மேலேயே ஒன்று வைத்தார்கள்.

"இன்னாய்யா இது? பாதிய முழுங்கிட்டு வந்துகிற! கோட்டு மேல இருக்கிறது எல்லாம் எங்க?"

"வரப்பு மேல யாருங்க மதாம் நடவு நடுவாங்க? தண்ணி பாயறது பாத்தியிலதானே. வரப்புல இருக்கிறது சும்மா அடையாளத்துக்குன்னு விட்டுட்டேன்."

பிள்ளை போனதிலிருந்து அண்ணன் வீட்டுக்கு ஒரு சிரிப்பையும் கொண்டு வந்ததில்லை. அன்றைக்கு மதாம் மூச்சு முட்டச் சிரித்ததை அண்ணியிடம் வந்து சொன்னார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மதாம் சொன்னார்களாம்: "இது என் வயலுய்யா. இங்க வரப்புலயும் வெளையும். நடு."

அப்படி நட்டார். நான்கு வருஷம். பியானோவில் ஏழு கட்டைகளுக்குச் சத்தமே கிடையாது, கரையான் தின்றுவிட்டது. அவற்றையும் விடாமல் அழுத்தி, வராத சத்தத்துக்கும் அதன் கணக்குப்படி காத்திருந்துவிட்டு அடுத்த கட்டைக்குப் போக வேண்டும் என்று மதாம் உத்தரவு. கேட்காத சுரத்துக்கு நேரம் கொடுக்கப் பழகியவர் எங்கள் அண்ணன். உங்களில் பலருக்குக் கேட்கிற சுரத்துக்கே பொறுமை கிடையாது.

ஊர் சும்மா இருந்ததா? கிணற்றடியிலும் சாராயக் கடையிலும் ஒரு பாட்டு ஓடியது. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், பாடியவர்கள் நீங்கள்தானே:

நாப்பது வயசுக்கு நாதம் வந்துச்சாம்,
நாத்து நட்ட விரலுக்கு நகம் வலிச்சுச்சாம்,
பொட்டி முன்ன குந்திக்கினு பொழுது போச்சுதாம்,
பொண்டாட்டி கறந்த பாலு மதாமுக்காம்.

பாடியவர்கள் நீங்கள். கட்டியவன் நான். மாமா வீட்டு விருந்தில், மாமா தட்டிக்கொடுக்க, இருபத்தொன்பது வயதுத் திமிரில் கட்டினேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் மட்டும் கண்டுபிடித்துவிட்டார். கரும்புக் கொல்லையில் என்னைக் கூப்பிட்டு, அடிக்கப்போகிறார் என்று நான் ஒதுங்க, நிதானமாகச் சொன்னார்: "தம்பி, பாட்டு நல்லாத்தான் கீது. நாலாவது வரியில ஒரு தட்டு கொறையுது. எண்ணிப் பாரு." எண்ணிப் பார்த்தேன். குறைந்தது.

இந்த நான்கு வருஷத்தின் முடிவில் மாமாவுக்கு வாதம் அடித்து வலப்பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. வலக்கை தொங்கிற்று, வலக்கால் இழுத்தது. கோவிலில் பெட்டி மூடிக் கிடந்தது. அந்தச் சமயம் பார்த்து எங்கள் பெரிய பங்காளி வீட்டுக் கிழவர் கண்ணை மூடினார். முதல் தர அடக்கம். வாசிக்க ஆள் இல்லை. பாட்டுப் பாடிச் சிரித்த அதே பங்காளிகள் வில்வண்டி கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார்கள்.

"வாசிக்கிறேன்," என்றார் அண்ணன். "ஆனா இன்னிக்குக் காலையில கரும்பு வெட்டுற அம்மா ஒருத்தங்களுக்கு மூணாந் தரம் இருக்குது. மொதல்ல அங்க வாசிப்பேன். மத்தியானம் ஒங்களுக்கு."

"இன்னாப்பா பேசற? கூலிக்காரிக்கு வாசிச்ச பொட்டியில எங்க அப்பாருக்கு வாசிப்பியா?"

"அதே பொட்டிதான். அதே வெரலுதான். வேணாம்னா வண்டியத் திருப்பிக்கோங்க."

சாமியாரிடம் முறையிடப் போனார்கள். சாமியார் வெள்ளைக்காரர், புதிதாக வந்தவர். மூன்றாம் தரத்துக்கு வாசிக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, அந்தத் தரத்துக் காணிக்கையில் வாசிப்பவர் கூலி சேராது, அவ்வளவுதான், யாராவது சும்மா வாசித்தால் தடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதாவது அண்ணன் மகளுக்கு வாசித்திருக்கலாம். தடுத்தது கோவில் அல்ல. ஒரு மனுஷனின் இடுப்பில் தொங்கிய சாவி. அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். மாமா வீட்டிலிருந்து சாவி வந்தது. தூக்கி எறிந்துதான் கொடுத்தார்களாம், மாட்டுத் தொழுவத்தில் தேடி எடுத்து வந்தோம்.

அன்று காலை நடந்தது வெற்றி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அண்ணன் அதுவரை ஆர்மோனியத்தைத் தொட்டதே இல்லை. பியானோவில் தட்டினால் சத்தம் தானாக அடங்கும். ஆர்மோனியத்தில் விரல் இருக்கும்வரை அடங்காது, விரல் எடுத்தால் உடனே அறுந்துவிடும். அவர் பியானோவைத் தட்டுவதுபோல் தட்டினார். பெட்டி குரைத்தது. வேடிக்கை பார்க்க வந்து நடுக்கூடத்தில் நின்ற பங்காளிகள் வாய்விட்டுச் சிரித்தார்கள். தங்களுக்கென்று ஒதுக்கிவிட்ட ஓரப்பக்கத்தில் நின்ற கரும்பு வெட்டும் சனங்கள் சிரிக்கவில்லை. தங்கள் சவத்துக்கு அந்தப் பெட்டி வாயைத் திறந்ததே அவர்களுக்குப் போதுமாயிருந்தது. இரண்டாவது சரணத்தில் விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்கக் கண்டுகொண்டார். மூன்றாவதில் அது பாட்டாகிவிட்டது.

சொன்னபடி மத்தியானம் கிழவருக்கும் வாசித்தார். காலையில் வாசித்ததற்குப் பங்காளிகள் பதில் சொன்னார்கள். அந்தக் கோடையில் அண்ணனின் முறைத் தண்ணீர் மேல்மடையிலேயே நின்றது. கரும்பு நின்றபடியே காய்ந்தது. மேல்மடையை அடைத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். இந்த மலர் அவர்களுக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது. அண்ணன் அடுத்த மூன்றாம் தரத்துக்கும் போய் வாசித்தார். அதற்கடுத்ததற்கும். பதின்மூன்று வருஷம், ஒரு சவத்தையும் அவர் சத்தமில்லாமல் அனுப்பவில்லை. வெட்டுக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வருவார், கால் மண்ணோடு மிதிப்பார், திரும்பிப் போவார். ஒவ்வொரு அடக்கத்துக்கும் மாமா கோலூன்றி வந்து தூணோரம் உட்கார்ந்து கேட்பார். முடிந்ததும், "தூ, எருமை சேத்துல போறாப்பல வாசிக்கிறான்," என்று எல்லாருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு எழுந்து போவார்.

சென்ற ஆண்டு அண்ணனுக்கு மார்பில் வலி கண்டு நான்கு நாள் படுத்தார். அவரைப் படுக்கையில் பார்க்க வந்தவர்கள் குறைவு. இறந்ததும் வந்தவர்கள் அதிகம். குடும்பத்தின் மானம் என்றார்கள். முதல் தரம் வைக்க வேண்டும், புதுச்சேரியிலிருந்து வாசிக்க ஆள் கொண்டு வருகிறோம் என்றார்கள். அண்ணி தலைமாட்டிலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

"அவரு யாருக்கு வாசிச்சாரோ அவங்க தரத்துலதான் போவாரு."

"மூணாந் தரத்துக்கு இப்ப யாரும்மா வாசிக்கப் போறாங்க? ஊமையாவா அனுப்பப் போற?"

அண்ணி பிடித்த பிடியை விடவில்லை. மகள் போனபடியே தகப்பனும் போவதென்று ஆகிவிட்டது. அண்ணன் அவர்களின் பதினேழு வருஷம் எதற்காகச் செலவானதோ அது அவர் சவத்தோடு முடிகிறது என்று நினைத்துக்கொண்டுதான் சவப்பெட்டியின் முன்கொம்பைத் தோளில் வைத்தேன்.

கோவிலுக்குள் நுழைந்தபோது ஆர்மோனியத்தின் முன்னால் மாமா உட்கார்ந்திருந்தார். நாற்காலியில் தூக்கி வந்து வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் இழுத்த வாயோடு உறுமினார்:

"இன்னாடா மொறைக்கிற? அவனுக்காக வரல. பதிமூணு வருசம் எடக்கையத் தப்பாவே வாசிச்சான் ஒங்க அண்ணன். சரியா எப்படி வாசிக்கிறதுன்னு ஒரு தபா கேட்டுட்டுப் போவட்டும். வா, குந்து. சோத்தாங்கால் மிதி எனக்கு வராது. கையால அமுக்கு."

அவர் காலடியில் மண்டியிட்டேன். விழுந்த காலை நகர்த்தி வைத்துவிட்டு, வலது மிதியை இரு கையாலும் அழுத்தினேன்.

"மெல்லடா. ஏத்தமா எறைக்கிற?"

இடக்கை மட்டும் வாசித்தார். பாட்டு இல்லை, பாட்டின் அடி மட்டும். கூரையில்லாத சுவர் மாதிரி. நாலு தட்டு அப்படியே போனது. பிறகு ஓரப்பக்கத்திலிருந்து கரும்பு வெட்டும் சனங்கள், பதின்மூன்று வருஷமாய்த் தங்கள் பிணங்களின் பின்னால் நின்று கேட்டுப் பாடமாகிப்போன அந்த ராகத்தைப் பாடத் தொடங்கினார்கள். மாமா தலை திருப்பவில்லை. ஆனால் அவர்களின் மூச்சுக்காகக் காத்திருந்து காத்திருந்து அடுத்த கட்டையை அழுத்தியதை, மிதியைப் பிடித்திருந்த நான் அறிவேன்.

முடிந்ததும், "மூடு," என்றார். நான் மூடவில்லை. அவரும் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு இனிச் சொல்கிறேன். குழி வெட்டியவர்களுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், நான்கு நாளும் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த அடுத்த வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மதாம் அவர்கள் அடக்கத்துக்கு வரவில்லை. "பாடம் பாக்கி வெச்சிட்டுப் போனவன மொகம் பாக்க மாட்டேன்" என்று சொல்லியனுப்பிவிட்டு, அன்று முழுக்கச் சாப்பிடவில்லையாம். அவர்களுக்கு நன்றி. முதல் தரம் வைக்க முன்வந்த பங்காளிகளுக்கு நன்றி, எடுத்துக்கொள்ளவில்லை. மாமாவுக்கும் நன்றி சொல்லும்படி அண்ணி கேட்டார்கள். வாசித்த பாட்டுக்குச் சொல்கிறேன். வாசிக்காத பாட்டுக்கு மன்னிப்பும் இல்லை. அவர் கேட்கவும் இல்லை.

அதன்பின் இந்த ஓராண்டில் எந்த மூன்றாம் தர அடக்கத்துக்கும் பெட்டி மூடியிருக்கவில்லை. மாமா திட்டிக்கொண்டே வருகிறார், நான் மிதியை அழுத்துகிறேன். இடக்கை இருக்கிறது. வலக்கைக்கு ஆள் வேண்டும். வயது எதுவானாலும் சரி, விரல் எப்படிக் காய்த்திருந்தாலும் சரி, ஞாயிறு பூசைக்குப் பின் கோவிலுக்கு வாருங்கள். மாமா கேவலமாகப் பேசுவார். பொறுத்துக்கொண்டு உட்காருங்கள்.